செர்ஜிக்குப் போகாத செய்தி

வள்ளிநாயகியைப் பற்றி இப்போது, பிரான்சில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பல் கடைத்தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி என் தையல் கடைக்குள் நின்றுகொண்டே சொன்னாள். நான் அளவுநாடாவைத் தூக்கி மேசையில் போட்டேன். “உம்முடைய சட்டையை நீர் வேறை இடத்திலை தையும்” என்று துணியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் வள்ளியோடு நின்றவள் நான். இவர்கள் வாட்ஸப்பில் வாசித்தவர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். நான் இரண்டாம் மாடி, அவள் நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. வேலை முடிந்து ஏறும்போது என் கதவில் ஒரு தட்டுத் தட்டுவாள். உள்ளே வரமாட்டாள். “மலரக்கா, ரோல்ஸ் மிஞ்சினது” என்று ஒரு பொதியை நீட்டிவிட்டுப் போய்விடுவாள். லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் ரோல்ஸ் சுற்றுகிற வேலை அவளுக்கு. விடியற்காலையில் போனால் மத்தியானம் வரைக்கும் நின்ற நிலைதான். கால் வீங்கினால் சொல்லமாட்டாள், கை சுட்டால் சொல்லமாட்டாள். நான்தான் கண்டுபிடித்து ஏசவேண்டும். “உனக்கென்ன, வாயிலை பூட்டுப் போட்டிருக்கோ?” என்று கேட்பேன். சிரிப்பாள்.

தவரத்தினத்தைக் கட்டுவதற்காக இருபத்தேழு வயதில் இங்கே வந்தவள். விமான நிலையத்தில் அவளைக் கூட்டிவரப் போன மாப்பிள்ளை பூங்கொத்து ஒன்றும் கொண்டுபோகவில்லை. தை மாதக் குளிர், வருகிறவள் நடுங்குவாள் என்று ஒரு தடித்த குளிர்ச்சட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அதைக் கேட்டு எங்கள் தெருவே சிரித்தது. “அக்கா, அண்டைக்கே எனக்கு அந்தாளைப் பிடிச்சிட்டுது” என்று வள்ளி ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் மனம் திறந்து சொன்ன கதைகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

கலியாணம் கட்டி ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை. விரதம், நேர்த்தி, ஊசி, மருந்து எல்லாம் பார்த்துக் களைத்த பிறகுதான் மிருணாளினி தங்கினாள். வள்ளிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது யாழ்ப்பாணத்தில் அவளுடைய தகப்பன் போய்விட்டார். லெ பிளாங்-மெனிலில் இருக்கும் அவளுடைய தம்பி உதயன் ஓடிவந்தான். “அக்காவுக்கு ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது” என்றான். தவரத்தினம் ஓம் என்றார். நாங்கள் எல்லாரும் ஓம் என்றோம். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். அவள் ஒரு முழுநாள் அழுதாள். மறுநாள் எழும்பிப் பிள்ளையைக் குளிக்கவார்த்துவிட்டு, “நல்லகாலம் அப்ப சொல்லேல்லை. சொல்லியிருந்தால் இவளும் இல்லை” என்றாள்.

எங்கள் சனம் இப்படித்தான். நல்ல செய்தி கிடைத்தால் அடுத்த சந்திக்குப் போகும்வரை வாயில் வைத்திருக்க ஏலாது. சாவுச் செய்தியை மட்டும் மாதக்கணக்கில் பொத்தி வைத்திருப்போம். சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டோம். விசாவுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறவனுக்குச் சொல்லமாட்டோம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சொல்லமாட்டோம். கேட்டால் எல்லாம் அவர்களின் நன்மைக்கு என்போம். அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை.

தவரத்தினத்துக்கு வேலை நகரத்துக்கு வடக்கே ஒரு பத்தினுவாரில். பனிக்கட்டித் தரையில் சறுக்கி விளையாடுகிற மண்டபத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, வள்ளி குசினியில், ஆகவே பிள்ளையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சின்னப் பெண்களின் ஐஸ் ஹொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு புதன்கிழமை அவர்களுக்குக் கோல் காக்க ஆள் வரவில்லை. பயிற்சி கொடுக்கிற மர்கரீத், கண்ணாடிக்குப் பின்னால் நின்ற இந்த ஏழு வயதுக்காரியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அன்றைக்குக் கோலுக்கு முன்னால் போய் நின்றவள்தான் மிருணா. பிறகு அங்கேயிருந்து அவளை விலக்க யாராலும் முடியவில்லை.

வள்ளி முதலில் குதிகுதியென்று குதித்துப் பார்த்தாள். “பொம்பிளைப் பிள்ளை! அந்தக் கட்டை வந்து வாயிலை அடிச்சுப் பல்லுப் பறந்தால் ஆர் கட்டுவான்?” என்று கேட்டாள்.

“எனக்குப் பல்லு முழுக்க இருந்தது. என்னை ஆர் ஆசைப்பட்டுக் கட்டினது?” என்றார் தவரத்தினம்.

“நான்தான்” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் கொடுத்த சம்மதம். பரதநாட்டியத்துக்கென்று நான் தைத்துவைத்த உடுப்பு பாதியில் என் கடையில் தொங்கி, கடைசியில் வேறு ஒரு பிள்ளைக்குப் போனது.

பதினேழு வயதில் மிருணா என்னைவிட இரண்டு சாண் உயரம். கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தால் ஒரு ஃப்ரிட்ஜ் நடந்து வருவதுபோல இருக்கும். ஒருமுறை தவரத்தினம் வற்புறுத்தி என்னையும் ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கறுப்பு றப்பர் வட்டு எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று எனக்கு ஒரு கோதாரியும் தெரியவில்லை. தவரத்தினத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தை விளங்கிக்கொண்டேன். மனிசன் கைதட்டவும் மாட்டார், கத்தவும் மாட்டார். மிருணா தடுக்கும்போது அடக்கிவைத்த மூச்சை விடுவார். ஆட்டம் முடிய மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார், தானே விளையாடியதுபோல.

போன கோடையில்தான் இந்தத் தெரிவு தொடங்கியது. பிரான்சின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் தேசிய அணி. ஜனவரியில் உலகப் போட்டி. கோல் காக்க நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள், கொண்டுபோவது இரண்டு பேரைத்தான். ஆகஸ்டில் ஒரு முகாம், நவம்பரில் ஒரு முகாம், டிசம்பர் நடுவில் செர்ஜியில் கடைசி முகாம். அங்கே கடைசி நாள் பெயர் வாசிப்பார்கள். போதாக்குறைக்குப் பழைய பயிற்சியாளர் விலகிப் போய்விட்டார். ஆகவே பயிற்சியாளர்களையும் புதிதாக எடுக்கவேண்டும். மர்கரீத்தும் அதற்கு நின்றாள்.

“எங்களையும் பாக்கினம், அவையளையும் பாக்கினம், அன்ரி” என்று மிருணா என் கடையில் இருந்து சொன்னாள். “ஒருத்தரும் ஒருத்தரோடையும் வடிவாய்ச் சிரிக்கிறேல்லை.”

“எத்தினை தடுத்தாய் எண்டு எண்ணிப்போட்டு எடுக்கவேண்டியதுதானே” என்றேன்.

“இல்லை அன்ரி. எல்லாரும் தடுப்பினம். ஒண்டு உள்ளுக்கை போன பிறகு என்ன செய்யிறாய் எண்டுதான் பாக்கிறது. கட்டையாலை அடிக்கிறியோ, மற்றவையைக் குறை சொல்லுறியோ, இல்லாட்டி எழும்பி நிக்கிறியோ எண்டு.”

வீட்டில் அந்த நாலு மாதமும் வேறு பேச்சே இல்லை. தவரத்தினம் மரக்கறிக் கடைக்குப் போனாலும் இதே கதை, முடிவெட்டப் போனாலும் இதே கதை. வள்ளி ஒன்றும் பேசமாட்டாள். ஆனால் செவ்வாய், வெள்ளி மரக்கறி என்று இருந்தவள் திங்கள், சனியையும் சேர்த்துக்கொண்டாள். “பிள்ளைக்கு அது கிடைக்கவேணும் அக்கா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்” என்றாள். இன்னது வேண்டும் என்று அவள் தன் வாயால் சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மிருணா செர்ஜிக்குப் போனாள். திங்கள் மத்தியானம் பெயர் வாசிப்பு. அந்த மூன்று நாளும் பிள்ளைகளின் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள், பொழுதுபட்டபின் ஒரு அரை மணித்தியாலம் மட்டும் கொடுப்பார்கள். தவரத்தினம் அவளுடைய பெரிய பையை நாலு மாடியும் தானே இறக்கினார். என் கதவடியில் வைத்துவிட்டு இளைத்தார். “அத்தனை ரோல்ஸும் வயித்திலை, மூச்சு எங்கை வரும்?” என்று நான் பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார்.

சனி காலை பத்தினுவாரில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே குந்திவிட்டாராம். கூட வேலை செய்பவர்கள் அம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். நானும் வள்ளியும் போய்ச் சேரும்போது உதயன் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். இதயம் மிகவும் பழுதாகிவிட்டது, செய்வதைச் செய்திருக்கிறோம், இனி இரண்டு மூன்று நாள் தாண்டுகிறதா என்று பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னார். வள்ளி அதற்கும் தலையை ஆட்டினாள், ரோல்ஸுக்கு ஓடர் எடுப்பவள்போல.

தவரத்தினத்துக்கு நல்ல நினைவு இருந்தது. எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது இதுதான்: “பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. தெரிவு முடியட்டும். தெரிஞ்சால் விட்டிட்டு ஓடிவருவாள்.”

“ஓம்” என்றாள் வள்ளி.

அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மனிசன் கதைக்கிறார், தண்ணி கேட்கிறார், திங்கள் வரை இருக்கமாட்டார் என்று யார் நினைத்தது? சனி பொழுதுபட மிருணா போன் எடுத்தபோது, அப்பா வேலையில் நிற்கிறார் என்று வள்ளி சொன்னாள். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறுதான் எல்லாம் மாறியது. காலையில் அவருடைய முகம் மெழுகுபோல இருந்தது. வைத்தியர் வந்து, பிள்ளைகள் இருந்தால் கூப்பிடுங்கள் என்றார். வள்ளி அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தவரத்தினம் கண்ணைத் திறந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“மிருணா வந்திட்டாளோ?”

“நாளைக்கு வருவாள்” என்றாள் வள்ளி. “தெரிவு முடிய வருவாள்.”

அவர் தலையை ஆட்டினார். கண்ணை மூடினார். பிறகு திறந்து திரும்பவும் கேட்டார். தான் சொல்லாதே என்று சொன்னதை மனிசன் மறந்துவிட்டாரா, இல்லை மனம் மாறிவிட்டாரா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருக்குப் பிள்ளையைப் பார்க்கவேணும்.

நான் வள்ளியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். “எடு போனை. மர்கரீத்துக்கு எடு. செர்ஜி என்ன சந்திரமண்டலத்திலையோ இருக்கு? ஒரு மணித்தியாலத்திலை பிள்ளை இஞ்சை நிப்பாள்.”

உதயன் குறுக்கே வந்தான். “விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. முகாமுக்கு நடுவிலை விட்டிட்டு வந்தால் பேரை வெட்டிப்போடுவாங்கள். நாலு பேரிலை ரெண்டு பேர். இவங்கள் சட்டம் எண்டால் சட்டம்தான்.”

“அதை அவவிட்டையே கேக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டால் என்ன?”

“கேட்டால் பிள்ளைக்குத் தெரிஞ்சிடும். அத்தானே சொல்லவேண்டாம் எண்டவர். கடைசியாய்ச் சொன்னது அது.”

“கடைசியாய்ச் சொன்னது அது இல்லையடா!” என்று நான் கத்தினேன். தாதி வந்து எங்களை எட்டிப் பார்த்தாள். “இப்ப உள்ளுக்கை கேட்டுக்கொண்டிருக்கிறார், உனக்குக் காது கேக்கேல்லையோ?”

வள்ளி சுவரில் சாய்ந்து நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். “வள்ளி, நீ சொல்லு.”

“எனக்கும் இப்பிடித்தான் மறைச்சவை, அக்கா” என்றாள். “பிள்ளை சுகமாய்ப் பிறந்தாள்தானே.”

“அதுவும் இதுவும் ஒண்டோ? உன்ரை அப்பா ஐயாயிரம் மைலுக்கு அங்காலை. இவர் இஞ்சை, மூச்சோடை இருக்கிறார்.”

அப்போது அவள் என்னை நேராகப் பார்த்தாள். “உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு இது விளங்காது.”

கோபத்தில் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்று பட்டது. எனக்குப் பிள்ளை இல்லைதான். என்ன சொல்லி நான் அதற்கு மேலே நிற்க? கதிரையில் போய் இருந்தேன்.

அதன் பிறகு மத்தியானம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் சின்னதாகிக்கொண்டு போனது, கேள்வி மாறவில்லை. பிள்ளை வந்திட்டாளோ. கதவு திறந்தால் தலையைத் திருப்புவார். தாதி வந்தாலும் திருப்புவார், சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்தவனுக்கும் திருப்புவார். வள்ளி ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னாள். “வாறாள். வந்துகொண்டிருக்கிறாள்.” நாளைக்கு என்பதை அவள் எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில், கதவைப் பார்த்தபடி, அவர் போய்விட்டார்.

வள்ளி அவர் நெஞ்சில் முகத்தை வைத்தாள். உதயன் விம்மினான், பாவம், அவனுக்கும் அத்தான்மேல் உயிர்தான். ஆனால் அடுத்த நிமிஷமே வேலையில் இறங்கிவிட்டான். ஒருவருக்கும் சொல்லக்கூடாது. ஊருக்குச் சொன்னால் பத்து நிமிஷத்தில் யாராவது படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி எழுதிவிடுவார்கள், பிள்ளையின் போனுக்கு அது போய்விடும். மரண அறிவித்தல் திங்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான் என்று முடிவாயிற்று. ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான், அவனுக்காக ஒரு சனம் அழ ஏலாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் யன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

மிருணா எடுக்கும் நேரம் நெருங்கியது. அவள் எடுப்பது எப்போதும் வீடியோவில். ஆஸ்பத்திரிச் சுவர் தெரிந்தால் பிடித்துவிடுவாள். ஆகவே நானும் வள்ளியும் வீட்டுக்கு வந்தோம். அவளுடைய பொட்டு அழிந்து நெற்றியெல்லாம் இழுபட்டிருந்தது. முகத்தைக் கழுவினாள். கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். குங்குமச் சிமிழைத் திறந்து, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த கையால் புதிதாகப் பொட்டு வைத்தாள். முதல் பொட்டுக் கோணலாகப் போனது. துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

இதைத்தான் இப்போது கல்நெஞ்சு என்கிறார்கள். நடந்ததைச் சனத்துக்குச் சொன்னது உதயன்தான். செத்தவீட்டில் நின்று, என்ரை அக்காவைப்போல ஒரு தாய் இருப்பாளோ என்று பெருமையாகச் சொன்னான். சனம் அதைத் தன் பாட்டுக்குத் திருப்பிவிட்டது.

போன் அடித்தது. மிருணாவின் முகம் சிவந்து, தலைமயிர் நனைந்து ஒட்டிக்கிடந்தது. “அம்மா! இண்டைக்கு ஒண்டும் விடேல்லை! முழு மட்சிலையும் ஒண்டும் விடேல்லை!”

“மெய்யே?” என்றாள் வள்ளி. சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள்.

“அப்பா எங்கை?”

“நித்திரை. நல்லாய்க் களைச்சுப்போனார்.”

“எழுப்புங்கோ அம்மா, ஒரு நிமிசம்.”

“வேண்டாம் பிள்ளை. படுக்கட்டும்.”

“அப்ப நீங்கள் அவருக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் விடேல்லை எண்டு சொல்லுங்கோ. மறக்காதேங்கோ.”

“சொல்லுறன்” என்றாள் வள்ளி.

போனை வைத்ததும் குளிர்ச்சட்டையைப் போட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, நானும் பின்னால் போனேன். அவரை இன்னும் அந்த அறையில்தான் வைத்திருந்தார்கள். வள்ளி குனிந்து அவர் காதோடு வாயை வைத்தாள். “இண்டைக்கு ஒண்டும் விடேல்லையாம்” என்றாள். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

திங்கள் மத்தியானம் உதயன் காரில் போய் மிருணாவை ஏற்றிவந்தான். வழிமுழுக்க அவள் கதைத்துக்கொண்டே வந்தாளாம். படியில் அவள் ஓடிவருகிற சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். “அன்ரி, எடுத்திட்டினம்! என்னை எடுத்திட்டினம்! மர்கரீத்தையும் எடுத்திட்டினம்!” என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். “அப்பா மேலையோ?” என்று கேட்டாள். பதிலுக்கு நில்லாமல் மேலே ஓடினாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு படியில் நின்றேன். கத்தவில்லை. நான் போனபோது கதவடியில் பையை முதுகில் மாட்டியபடியே நின்றாள். உதயன் சொல்லிக்கொண்டிருந்தான். “விழுந்ததோடை நினைவு போயிட்டுது, பிள்ளை. ஒண்டும் தெரியாமல்தான் போனவர். நீ வந்திருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிராது.” வள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை அடுத்த நாட்களைக் கடந்தாள். தாயோடு கோபித்தாள்தான், ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் முகம் பார்க்கவில்லை. பிறகு தானே இறங்கி வந்தாள். “நினைவில்லாமல் கிடந்தவர்தானே அன்ரி” என்று என்னிடம் சொன்னாள். “அப்பாவுக்காக நான் விளையாடப் போறன்.” இதைக் கேட்டபோது வள்ளியின் கண்ணில் ஒரு சொட்டு உயிர் வந்தது. அத்தனையும் விழுங்கினதற்கு அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

இங்கே செத்தவீடு உடனே செய்ய முடியாது. மண்டபம் கிடைத்தது அடுத்த கிழமைதான். லாச்சப்பலில் பாதிச் சனம் வந்தது. மர்கரீத்தும் வந்தாள். தகனம் முடிந்து வெளியே முற்றத்தில் நின்றபோது அவள் மிருணாவை அணைத்துக்கொண்டாள். அணி ஜனவரி முதல் கிழமை புறப்படுகிறது, அவசரமில்லை, உன் இடம் உனக்குத்தான் என்றாள். நானும் வள்ளியும் உதயனும் பக்கத்தில் நின்றோம். எனக்குப் பிரெஞ்சு விளங்கும். வள்ளிக்குக் குசினிப் பிரெஞ்சுதான்.

மிருணா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். முகாமுக்கு நடுவில் நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

“நானே காரில் கொண்டுவந்து விட்டிருப்பேன்” என்றாள் மர்கரீத். ஆறுதல் சொல்வதாக நினைத்து அந்த மனுஷி மேலும் சொன்னாள். “உன் பெயர் நவம்பரிலேயே முடிவாகிவிட்டது, மிருணா. அதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொன்னால் தளர்ந்துவிடுவார்கள் என்று சொல்வதில்லை. கோலைப் பொறுத்தவரை அந்த முகாமில் சோதனை எங்களுக்குத்தான். எந்தப் பயிற்சியாளரை எடுப்பது என்று பார்த்தார்கள். நீ இரண்டு நாள் இல்லாமல் போனாலும் ஒன்றும் ஆகியிராது.”

அவர்களும் நன்மைக்கென்று மறைத்தார்கள், இவர்களும் நன்மைக்கென்று மறைத்தார்கள். நடுவில் ஒரு மனிதன் கதவைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

“என்னவாம்?” என்று கேட்டாள் வள்ளி.

மிருணா தாயின் பக்கம் திரும்பினாள். “என்னை நவம்பரிலையே எடுத்திட்டினமாம், அம்மா. நான் அங்கை நிண்டிருக்கவே தேவையில்லையாம். கேட்டிருந்தால் தானே கொண்டுவந்து விட்டிருப்பாவாம்.”

வள்ளியின் முகத்தை என்னால் எழுத முடியாது. இரண்டு கையாலும் பிள்ளையின் கையைப் பிடித்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று உதயனுக்கு விளங்கிவிட்டது. “அக்கா, விடுங்கோ, இப்ப வேண்டாம்” என்றான். அவள் விடவில்லை.

“அவர் உன்னைக் கேட்டவர், பிள்ளை.”

“ஆர்?”

“அப்பா. நினைவோடைதான் இருந்தவர். ஞாயிறு முழுக்க உன்னைக் கேட்டவர்.”

மிருணா கையை இழுக்கவில்லை. “என்னெண்டு கேட்டவர்?”

“பிள்ளை வந்திட்டாளோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“வந்துகொண்டிருக்கிறாள் எண்டு.”

அதற்குப் பிறகுதான் அவள் தன் கையை எடுத்தாள். மெதுவாக எடுத்தாள். முற்றத்தில் சனம் தேத்தண்ணிக் கப்போடு நின்று கதைத்துக்கொண்டிருந்தது. மிருணா கொஞ்ச நேரம் அந்தச் சனத்தைப் பார்த்தாள்.

“நான் போகேல்லை” என்றாள்.

“எங்கை?”

“அணியோடை.”

வள்ளிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுப்பினாள். “என்னடி சொல்லுறாய்? இதுக்காகத்தானே நான்… மிருணா, இதுக்காகத்தானே எல்லாம் செய்தனான். என்னோடை கதையாதை, என்ரை முகத்திலை முழியாதை, ஆனால் போ. நீ போகாட்டி நான் செய்ததுக்கு என்ன இருக்கு?”

“அதுக்குத்தான் அம்மா, போகேலாது” என்றாள் மிருணா. கோபமே இல்லை அந்தக் குரலில். “நான் போனால் நீங்கள் செய்தது சரியெண்டு வந்திடும்.”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தாள். வள்ளி அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. மர்கரீத் ஒன்றும் விளங்காமல் என் பக்கம் வந்து, பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“வரமாட்டாளாம்” என்று மட்டும் சொன்னேன்.